வாடைக்காலம் முடிந்து ஏசியைப் போட்டால் ஈரத்துணி மணம் வருகிறது: பூஞ்சணத்தை முழுமையாக அகற்றுவது எப்படி?

கேள்வி: உவர்மலைவாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலை உவர்மலையில், கடற்காற்று நேரே வந்து அடிக்கும் ஒரு வீட்டில் குடியிருக்கிறோம். பத்தடிக்குப் பதினோரடி அளவான படுக்கையறையில் 12,000 பீ.ரீ.யு. குளிரூட்டும் திறனுள்ள சுவர் ஏசி ஒன்று பூட்டியிருக்கிறோம். புரெவிச் சூறாவளி அடித்த 2020 டிசம்பருக்கு அடுத்த ஆண்டு வாங்கியது, இன்வேர்ட்டர் வகையன்று. கச்சான் காற்று வீசும் வறண்ட காலம் முழுவதும் அது இரவிரவாக ஓடும். மழை தொடங்கிவிட்டால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெரும்பாலும் நிறுத்தியே வைத்திருப்போம்.

தை பிறந்து மீண்டும் பாவிக்கத் தொடங்கியதிலிருந்து, ஏசியைப் போட்ட முதல் சில நிமிடங்களுக்குக் காயாத ஈரத்துணியின் மணம் அறையெங்கும் பரவுகிறது. பிறகு தானாகவே குறைந்துவிடுகிறது. காற்று வெளிவரும் வாயிலில் அசையும் தகட்டின் உட்புறத்தில் கரும்புள்ளிகள் தென்படுகின்றன. விரலால் தொட்டால் பிசுபிசுக்கின்றன. திருத்துநர் ஒருவரை அழைத்தோம். அவர் பில்டரைக் கழுவி, முன்பக்கத்திலிருந்து வாசனையுள்ள நுரையொன்றை அடித்துவிட்டு, காஸ் குறைந்ததால்தான் மணக்கிறது என்று சொல்லிக் காஸும் நிரப்பிப் பணம் வாங்கிச் சென்றார். இரண்டு கிழமை செல்வதற்குள் மணமும் புள்ளிகளும் திரும்பி வந்துவிட்டன.

பிளீச் கலந்த தண்ணீரை உள்ளே தெளிக்கலாமே என்று தங்கை சொல்கிறாள்; இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோம் என்று கணவர் சொல்கிறார். எட்டு வயது மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருப்பதால் இரண்டிலும் எனக்குத் தயக்கமாக உள்ளது. இந்தப் பூஞ்சணத்தை உண்மையாகவே அகற்றும் வழி என்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: பாலையூற்று குளிர்பதனக்காரர்

வணக்கம் சகோதரி. திருமலையிலும் கிண்ணியாவிலும் ஏசி திருத்தும் வேலையை நீண்ட காலமாகச் செய்து வருகிறேன். காஸ் பற்றிய கதையை முதலில் முடித்துவிடுகிறேன். காஸ் செம்புக் குழாய்களுக்குள் அடைபட்டுச் சுற்றி வருவது. ஓட ஓடச் செலவாகித் தீரும் பொருளன்று. எங்காவது கசிவு இருந்தால் மட்டுமே அது குறையும். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் அதுவும் வெளியேறிவிடும். காஸ் குறைந்தால் குளிர் குறையும், கொயிலின் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதியின்) ஒரு பகுதியில் பனிக்கட்டி படியும். ஈரத்துணி மணத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி மணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வெப்பநிலை 30 பாகையும் சாரீரப்பதன் 80 சதவீதமும் உள்ள ஒரு மாலைப்பொழுதில், காற்று ஏறக்குறைய 26 பாகைக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கிவிடும். ஏசியின் கொயிலோ 10 பாகையை அண்மித்துக் குளிர்ந்திருக்கிறது. ஆகவே நம்மூரில் ஓடும் எந்த ஏசியின் உட்புறமும், அது ஓடும் நேரமெல்லாம் நனைந்துகொண்டேதான் இருக்கும். அதில் பழுது ஒன்றுமில்லை. தண்ணீரில் பெரும்பகுதி கீழேயுள்ள வடிதட்டில் விழுந்து குழாய் வழியாக வெளியேறுகிறது. மீதி, கொயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையிலும் தட்டின் மூலைகளிலும் தங்கி நிற்கிறது.

ஈரம் மட்டும் இருந்தால் பூஞ்சணம் வளராது; அதற்கு உணவும் வேண்டும். கச்சான் காற்றோடு வரும் நுண்ணிய தூசு, மெத்தையிலிருந்தும் துணிகளிலிருந்தும் உதிரும் இழைகள், நமது தோலிலிருந்து உதிரும் செதில்கள் ஆகியவை பில்டரின் வலைக்கண்களைக் கடந்து நனைந்த கொயிலில் ஒட்டிக்கொள்கின்றன. ஆடி, ஆவணியில் இரவு முழுவதும் ஓடிய ஏசி இப்படிச் சேர்த்து வைத்த அழுக்கோடு வாடைக்காலத்தில் நிறுத்தப்படுகிறது. அறையின் காற்றே ஈரமாக இருக்கும் அந்த மாதங்களில் உள்ளே எதுவும் காய்வதில்லை. உங்களுடையது தையில் மணக்கத் தொடங்கியதன் காரணம் இதுதான். இந்த மாதங்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை உங்கள் கேள்வியை ஒத்தவையே.

முன்பக்கத்திலிருந்து நுரை அடித்தவர் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. கொயிலுக்குப் பின்னால், ஏசியின் முழு நீளத்துக்கும் படுத்திருக்கும் உருளையை நாங்கள் புளோவர் என்போம். அதைச் சுற்றி வளைந்த சிறிய இதழ்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். ஒவ்வோர் இதழின் குழிவிலும் தூசும் பூஞ்சணமும் சேர்ந்து களிம்பாக அப்பிக்கொள்கின்றன. அறைக்குள் வரும் காற்று முழுவதும் கடைசியாக அந்தக் களிம்பைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கொயிலை மட்டும் கழுவியதால்தான் மணம் திரும்பி வந்தது.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ரிமோட்டில் நிறுத்துவது போதாது. ஏசிக்குரிய பிரேக்கரையே நிறுத்திவிட்டு, அசையும் தகட்டை மெதுவாகக் கையால் திறந்து டோர்ச் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சுங்கள். காதுக்குப் பாவிக்கும் பஞ்சுக்குச்சி ஒன்றால் உருளையின் ஓர் இதழை வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் உலர்ந்த தூசு வந்தால் சாதாரணச் சுத்திகரிப்புப் போதும். கருமையான ஈரப்பசை வந்தால் புளோவரைக் கழற்றாமல் தீர்வில்லை.

முறையான கழுவலில் என்ன நடக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. மின்சாரத்தை நிறுத்தி வெளி உறையைக் கழற்றிய பின், பெரும்பாலான ஏசிகளில் வலப்பக்கமாக இருக்கும் மின்சுற்றுப் பலகையையும் மோட்டரையும் பொலித்தீனால் நீர் புகாமல் கட்ட வேண்டும். கொயிலின் தகடுகள் செங்குத்தாக இருப்பதால் மென்மையான தூரிகையை மேலிருந்து கீழாக மட்டுமே இழுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அவை மடிந்து காற்றை மறித்துவிடும். அலுமினியத்துக்கு உகந்ததென்று குறிப்பிடப்பட்ட கொயில் கழுவும் திரவத்தைத் தெளித்து, அதன் குறிப்பில் சொல்லப்பட்ட நேரம் ஊறவிட்டு, செடிகளுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு போன்ற குறைந்த அழுத்தத்தில் அலச வேண்டும். கார் கழுவும் பம்பைக் கொண்டு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

புளோவரைத் தனியே எடுத்துச் சவர்க்கார நீரில் ஊறவைத்து, இதழ் இதழாகத் தேய்க்க வேண்டும். வேலையில் அதிக நேரம் எடுப்பதும், அவசரக்காரர்கள் தவிர்ப்பதும் இதைத்தான். ஓர் இதழ் உடைந்தாலும் உருளையின் சமநிலை கெட்டு, ஏசி ஓடும்போது நடுங்கும். வடிதட்டில் படிந்திருக்கும் வழுவழுப்பான படலத்தையும், தெளிந்த நீர் ஓடும்வரை கழுவ வேண்டும். தட்டையும் குழாயையும் சுற்றி ஒட்டப்பட்டிருக்கும் பஞ்சு போன்ற காப்புறைக்குள் பூஞ்சணம் இறங்கியிருந்தால் அதைக் கழுவிப் பயனில்லை. வெட்டியெடுத்துப் புதியது ஒட்ட வேண்டும்.

பில்டர், வெளி உறை, அசையும் தகடு ஆகியவற்றை வீட்டிலேயே கழுவலாம். புளோவரை நீங்களே கழற்றுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அதை வெளியே எடுக்கும்போது பல ஏசிகளில் கொயிலின் ஒரு முனையைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். அந்த வேளையில் செம்புக் குழாய் நெளிந்தால், இல்லாத காஸ் கசிவு உண்மையாகவே வந்துவிடும். யாரையாவது அழைப்பதற்கு முன் தொலைபேசியிலேயே, "புளோவரைக் கழற்றிக் கழுவுவீர்களா?" என்று கேளுங்கள். மழுப்பினால் வேறொருவரைத் தேடுங்கள்.

புதியது வாங்க வேண்டியதில்லை. கொயிலின் தகடுகள் உப்புக்காற்றில் அரித்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தால் அது வேறு கதை. பூஞ்சணத்துக்காக மட்டும் மாற்றினால், அடுத்த வாடையில் புதிய ஏசியும் இதே நிலைக்கு வந்து நிற்கும்.

பதில்: இரசாயனவியல் ஆசிரியை

மேலே சொல்லப்பட்டவற்றோடு உடன்படுகிறேன். பிளீச் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் தங்கை சொன்னதை நம்மவர்கள் பலர் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிளீச்சில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. அது அலுமினியத்தை அரிக்கும். ஏற்கெனவே உப்புக்காற்றில் நலிந்திருக்கும் கொயிலுக்கு அது இரட்டைத் தண்டனை. அழுக்கு தடிப்பாக இருக்கும் இடத்தில் அதன் வீரியம் மேற்பரப்பிலேயே செலவாகிவிடுவதால் அடிப்பகுதியில் உள்ள பூஞ்சணம் தப்பிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, ஏசியை மீண்டும் போட்டவுடன் அந்த நெடி முழுவதும் அறைக்குள் வீசும். தொய்வுள்ள பிள்ளைக்கு அதுவே மூச்சை அடைக்கப் போதுமானது. பிளீச்சையும் வினாகிரியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அமிலம் சேர்ந்தால் பிளீச்சிலிருந்து குளோரீன் வாயு வெளியேறும். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தால் குளோரமீன் உண்டாகும். இரண்டும் நுரையீரலைப் புண்படுத்தும் நச்சு வாயுக்கள்.

பூஞ்சணத்தைக் கொன்றுவிட்டால் போதும் என்று எண்ணுவதும் சரியன்று. செத்த பூஞ்சணத்தின் வித்திகளும் துகள்களும்கூட ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. அதனால்தான் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், பூஞ்சணத்துக்கு வழமையான மருந்தாகப் பிளீச்சைப் பரிந்துரைக்காமல், இருப்பதை அகற்றுமாறும் ஈரத்தின் மூலத்தைச் சரிசெய்யுமாறும் சொல்கிறது. சாதாரணப் பாத்திரம் கழுவும் திரவமும் தூரிகையும் செய்யும் வேலையை எந்த மருந்தும் செய்வதில்லை. அசையும் தகடு, உறை ஆகிய பிளாஸ்திக்குப் பகுதிகளைக் கழுவிய பின் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டால் துடைத்து உலரவிடலாம். வினாகிரியைக் கொயிலில் ஊறவைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணம் போவதற்காக வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை ஏசி ஓடும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு காட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தப் புகையிலுள்ள பிசின் ஈரமான கொயிலிலும் புளோவரிலும் படிந்து, தூசை மேலும் இறுக்கமாகப் பிடித்து வைக்கும். சாம்பிராணி காட்டுவதானால் ஏசியை நிறுத்தி, யன்னலைத் திறந்துவிட்டுக் காட்டுங்கள். நுளம்புச் சுருளுக்கும் இது பொருந்தும்.

மகனின் தொய்வைக் குறிப்பிட்டிருந்ததால் உடல்நலம் பற்றியும் சொல்கிறேன். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்குச் சுவாச நோய்க்குறிகளும் தொய்வும் அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகக் கூறியிருக்கிறது. இவ்வளவுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று ஓர் எண்ணை அது தரவில்லை. ஆகவே எந்த வகைப் பூஞ்சணம் என்று ஆய்வுக்கு அனுப்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம், கண்ணில் தெரிந்தால் அகற்றுவதே முறை. வீட்டு ஏசியிலிருந்து லெஜியொனெல்லா நிமோனியா வரும் என்று ஒரு செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றுகிறது. 1976இல் பிலடெல்பியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட அந்த நோய், பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்கள் போன்ற, நீர்த்திவலைகளைக் காற்றில் பரப்பும் அமைப்புகளோடு தொடர்புடையது. வெளிக்காற்றால் குளிரும் சாதாரணச் சுவர் ஏசிகளில் அத்தகைய கோபுரம் கிடையாது. கழுவும் நாளில் மகனை அந்த அறையிலிருந்து விலக்கி வையுங்கள். கழுவுபவர் என்95 முகக்கவசம் அணிவதும் நல்லது. மருத்துவர் தந்த இன்ஹேலரை ஏசி சுத்தமாகிவிட்டது என்பதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

மறுமொழி: உவர்மலைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. பஞ்சுக்குச்சியில் கறுப்புப் பசைதான் வந்தது. அதைப் பார்த்த பிறகு கணவரும் புதிய ஏசி பற்றிய பேச்சை நிறுத்திவிட்டார். இன்னும் இரண்டு விடயங்களைக் கேட்க வேண்டும். ஏசி நீண்ட நேரம் ஓடினால் உட்பக்கமாகவும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது; வடிகுழாயின் நுனியைப் பின்வளவில் ஒரு பெரிய போத்தலுக்குள் விட்டிருக்கிறோம். அடுத்தது, அலுமாரிக்குப் பின்னாலுள்ள சுவரிலும் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. ஏசியை 18இல் வைத்துத்தான் உறங்குவோம். இவற்றுக்கும் ஏசிப் பூஞ்சணத்துக்கும் தொடர்பு இருக்கிறதா?

பதில்: பாலையூற்று குளிர்பதனக்காரர்

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. குழாயின் நுனி போத்தலிலுள்ள தண்ணீருக்குள் மூழ்கியவுடன் உள்ளேயிருக்கும் காற்று வெளியேற வழியின்றித் தண்ணீர் பின்வாங்கும். தட்டு எப்போதும் நிறைந்தே இருக்கும். அந்தத் தேங்கிய தண்ணீரில்தான் வழுவழுப்பான படலம் வளர்கிறது, நிரம்பி வழியும்போது அறைக்குள் சொட்டுகிறது. போத்தலை அகற்றிவிட்டுக் குழாயை எங்கும் தொய்வில்லாமல் சரிவாக விட்டு, நுனியைத் தரைக்கு மேலே திறந்த நிலையில் வையுங்கள். வளைந்த ரப்பர் குழாய் நடுவில் தொங்கினால் அந்த வளைவிலும் தண்ணீர் நிற்கும். நுனியில் குளவி மண் வைத்து அடைத்திருப்பதையும் நம்மூரில் அடிக்கடி காண்கிறேன். கண்ணிடையகன்ற சிறு வலைத்துண்டு ஒன்றைக் கட்டினால் அது வராது. அடைப்பு இருந்தால், நீரை உறிஞ்சக்கூடிய வாக்குவம் இயந்திரத்தை வெளி நுனியில் பிடித்து இழுத்தெடுக்க வேண்டும். உள்ளிருந்து ஊதித் தள்ளினால் அழுக்கு மீண்டும் தட்டில் தெறிக்கும்.

சுவர் விடயத்தைப் பொறுத்தவரை 18 தான் சிக்கல். இரவு முழுவதும் அவ்வளவு குளிர்ந்த சுவரும் அலுமாரியும் மெத்தையும், காலையில் நீங்கள் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்ததும் கடற்காற்றைச் சந்திக்கின்றன. அத்தகைய ஈரக்காற்றின் நீராவி ஏறக்குறைய 26 பாகையிலேயே படியத் தொடங்கும் என்று மேலே சொன்னேன். அப்படியானால் குளிர்ந்த சுவர் நனையாமல் என்ன செய்யும்? 25 அல்லது 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். உறக்கத்துக்கு அது போதும், மின்கட்டணமும் குறையும்.

உங்கள் அறைக்கு 9,000 பீ.ரீ.யு. போதுமாக இருந்திருக்கும். அளவுக்கு மிஞ்சிய ஏசி அறையை விரைவில் குளிர்வித்துவிட்டுக் கொம்பிரசரை நிறுத்திவிடும். ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரம் கிடைப்பதில்லை. கொம்பிரசர் நின்ற பிறகும் விசிறி சுழல்வதால் கொயிலில் இருந்த தண்ணீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே வந்து சேரும். இதற்காக மாற்ற வேண்டாம். மழை நாட்களில் ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்டிருக்கும் உலர்த்தும் நிலையைப் பாவித்தால், விசிறி மெதுவாகச் சுழன்று ஈரத்தைக் கூடுதலாக எடுக்கும்.

பதில்: நிலாவெளி விடுதிக்காரர்

எங்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு வடிவில் வரும். சுற்றுலாப் பயணிகள் வருவது கச்சான் காலத்தில். வாடை தொடங்கினால் அறைகள் மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கும். முன்பெல்லாம் சித்திரையில் திறக்கும்போது மெத்தை, திரைச்சீலை, ஏசி எல்லாமே ஒரே மணமாக மணக்கும். இப்போது பூட்டிய அறைகளிலும் கிழமைக்கொரு முறையாவது ஏசியைச் சிறிது நேரம் உலர்த்தும் நிலையில் ஓடவிடுகிறோம். அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, தளபாடங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம். ஒவ்வோர் அறையிலும் சிறிய ஈரப்பதன்மானி ஒன்று தொங்குகிறது. அது 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் அந்த அறையைக் கவனிப்போம். விலை குறைந்த கருவிதான், ஆனால் மூக்கைவிட முந்திக்கொள்ளும்.

ஏசியை நிறுத்துவதற்கு முன் விசிறி நிலையில் இரண்டு, மூன்று மணித்தியாலம் ஓடவிட்டால் உட்புறம் நன்றாகக் காய்ந்துவிடும் என்பது எங்கள் அனுபவம். சகோதரியும் அதைச் செய்து பார்க்கலாம்.

பதில்: பாலையூற்று குளிர்பதனக்காரர்

ஐயா சொன்னவற்றில் கடைசி விடயத்தில் மட்டும் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து உண்டு. விசிறியில் உலர்த்துவது நல்லதுதான். ஆனால் கொயிலில் உள்ள தண்ணீர் காய்ந்து போகுமிடம் அதே அறைதான். அரை மணித்தியாலத்துக்குள் கொயிலும் புளோவரும் பெரும்பாலும் காய்ந்துவிடும். அதற்கு மேல் ஓடினால், குறிப்பாக மழை நாட்களில், ஈரமான அறைக்காற்றையும் அதிலுள்ள தூசையும் கொயில் வழியாகச் சுற்றிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு பயனில்லை. அண்மைக்காலத்து ஏசிகள் சிலவற்றில் நிறுத்திய பின்னும் விசிறி தானாகச் சிறிது நேரம் சுழன்று உலர்த்தும் வசதி உண்டு. அது இருந்தால் ரிமோட்டில் அதை இயக்கி வைத்தாலே போதும், பலர் அதை அறியாமல் பிரேக்கரை உடனே நிறுத்திவிடுகிறார்கள்.

சகோதரி, இப்போது ஒரு முறை புளோவரோடு கழுவிவிடுங்கள். பில்டரை ஓடும் காலத்தில் இரண்டு கிழமைக்கொரு தடவை குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டுவது பூஞ்சணத்துக்கு நாமே இடம் கொடுப்பதாகும். அடுத்த பெரிய கழுவலைத் தையில் வைக்காமல் புரட்டாதிக் கடைசியில், முதல் மழைக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் தூசு உள்ளே இல்லாமல் ஏசி வாடைக்குள் போனால், மார்கழி முழுவதும் நின்று கிடந்தாலும் வளர்வதற்கு அங்கே அதிகம் இருக்காது. ஐப்பசி பிறந்த பின் அழைத்தால் எங்களில் எவரும் உடனே கிடைக்க மாட்டார்கள். அப்போது ஊரிலுள்ள பாதி வீடுகளில் மழைநீர் ஒழுகி மின்சாரம் துண்டிக்கப்படுவதைச் சரிசெய்யும் வேலைகளுக்கு ஓடிக்கொண்டிருப்போம்.